நேரடி வாரிசும் பதினாலு இடுப்பும்

மச்சினன் ஆட்சியை ஒழித்துவிடுவது என்று ஒரு வியாழக்கிழமை காலையில், பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது முடிவு செய்தேன். பெரிய முடிவுகளை நான் பல் தேய்க்கும்போதுதான் எடுப்பது வழக்கம். எங்கள் வீட்டில் நான் வாயைத் திறந்திருக்கும்போது யாரும் குறுக்கே பேசாத நேரம் அது ஒன்றுதான்.

விஷயம் இதுதான். என் மனைவி தையல்காரி. கிழிசலுக்கு ஒட்டுப் போடுகிற ரகம் இல்லை. வங்கி, ஹோட்டல், இசைக்குழு என்று மொத்தமாகச் சீருடை தைத்துக் கொடுக்கிற ரகம். முன்னறையில் இரண்டு தையல் மெஷின், துணி வெட்ட ஒரு பெரிய மேசை, மூலையில் ஒரு கம்ப்யூட்டர். துணி வெட்டுவதற்கான பேட்டர்ன் வரைவதும் வாடிக்கையாளர் அளவுகளைச் சேமிப்பதும் அந்தக் கம்ப்யூட்டரில்தான். அதில் ஓடுவது லினக்ஸ் என்கிற இயங்குதளம். நாலு வருஷம் முன்னால் அவள் தம்பி வந்து போட்டுக் கொடுத்துவிட்டுப் போனான். போனவன் போனான், அவன் பெயர் மட்டும் போகவில்லை.

"தம்பி அப்படித்தான் வைக்கச் சொன்னான்."

"அதைத் தொடாதீங்க, தம்பி வந்து பாப்பான்."

"உங்களுக்கு ஏன் சிரமம், தம்பிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கறேன்."

நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று நினைக்கிறீர்கள்? நகர நூலகத்தின் கம்ப்யூட்டர் பிரிவு. பன்னிரண்டு வருஷம். மூன்று மாடி நூலகத்தின் மொத்தப் புத்தகப் பட்டியலும் என் கைக்கு அடக்கமான ஒரு சர்வரில் இருக்கிறது. அதில் ஓடுவது ஃப்ரீபிஎஸ்டி என்கிற வேறொரு இயங்குதளம். எண்பது கம்ப்யூட்டர்கள் என் பேச்சைக் கேட்கின்றன. எண்பத்தொன்றாவது கம்ப்யூட்டர் என் வீட்டு முன்னறையில் இருக்கிறது. அது மச்சினன் பேச்சைக் கேட்கிறது. மனிதன் எப்படிப் பொறுப்பான்?

காலை ஆகாரத்துக்கு முன்பே ஆரம்பித்தேன். அவள் ஒரு சட்டைக்குப் பட்டன் தைத்துக்கொண்டிருந்தாள்.

"இங்க பாரு, உன் மெஷின்ல ஓடுறது லினக்ஸ்."

"தெரியும்."

"அதோட பூர்வீகம் தெரியுமா?"

"கல்யாணம் பேசப் போறீங்களா?"

"சிரிக்காதே. ஒரு சிஸ்டத்தை வீட்டுக்குள்ள விடுறதுக்கு முன்னால அதோட வம்சம் என்னன்னு பாக்க வேணாமா?"

"ஏழு பட்டன் பாக்கி இருக்கு. வம்சத்தை அதுக்குள்ள முடிச்சிடுங்க."

நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். இந்தத் தலைப்பில் என்னை அசைக்க ஆளில்லை.

"ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்பது. ஒரு டெலிபோன் கம்பெனியோட ஆராய்ச்சிக் கூடம். அதுக்கு முன்னால அந்தக் கம்பெனியும் இன்னும் ரெண்டு இடத்துக்காரங்களும் கூடி ஒரு பெரிய சிஸ்டம் கட்டப் பாத்தாங்க. பேரு மல்டிக்ஸ். கட்டிக்கிட்டே இருந்தாங்க, முடியல. டெலிபோன் கம்பெனி எங்களுக்கு வேணாம்னு கழண்டுக்கிச்சு. அங்க வேலை பாத்தவங்கள்ல ரெண்டு பேரு, யாரும் சீண்டாம ஓரமாக் கிடந்த ஒரு சின்ன மெஷினை எடுத்து, சின்னதா, கச்சிதமா ஒண்ணு எழுதினாங்க. மல்டின்னா பல. யூனின்னா ஒண்ணு. அதனால யூனிக்ஸ்."

"கிண்டலா வச்ச பேரா?"

"ஆமா."

"பரவாயில்லையே. ஆறு பட்டன்."

"அந்தக் கம்பெனி கம்ப்யூட்டர் வியாபாரம் பண்ணக் கூடாதுன்னு சட்டச் சிக்கல். அதனால பல்கலைக்கழகங்களுக்கு மூலநிரலோட சல்லிசாக் கொடுத்துட்டாங்க. பெர்க்லின்னு ஒரு பல்கலைக்கழகம். அங்க இருந்த பசங்க அதை வாங்கி, சேத்து, திருத்தி, விஸ்தாரமாக்கி, தங்கள் பேர்லயே வெளியிட்டாங்க. அதுதான் பிஎஸ்டி. முதல் எழுத்து பெர்க்லியோடது. அதுக்கப்புறம் பிள்ளைங்க பிரிஞ்சாங்க. ஃப்ரீபிஎஸ்டி, நெட்பிஎஸ்டி. நெட்பிஎஸ்டியில சண்டை வந்து ஒருத்தர் தனிக்குடித்தனம் போனாரு. அது ஓபன்பிஎஸ்டி."

"பேரு ஓபனா?"

"பேருதான் ஓபன். அந்தக் கும்பல்லயே வாசலுக்குப் பூட்டு மேல பூட்டுப் போடுறது அதுதான்."

"நெட்டு?"

"அது எந்த மெஷின்லயும் குடியேறும். பழசு, புதுசு, உடைசல், எதுன்னாலும் சரி."

"ஃப்ரீ?"

"அது என் நூலகத்துல இருக்கு," என்றேன். அதற்கு மேல் அதற்கு என்ன பெருமை வேண்டும்?

"சரி, நம்ம வீட்டு லினக்ஸ் இதுல யாரு? மூணாவது பிள்ளையா?"

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். மேசையைத் தட்டினேன். பட்டன் டப்பா எகிறியது.

"பிள்ளையே கிடையாது! அங்கதான் இருக்கு சூட்சுமம். தொண்ணூத்தொண்ணுல வட ஐரோப்பாவுல ஒரு காலேஜ் மாணவன், யூனிக்ஸ் மாதிரியே ஒண்ணு வேணும்னு தானா உக்காந்து ஒரு கெர்னலை எழுதினான்."

"கர்னலா? ராணுவத்துல இருந்தானா?"

"கெர்னல்! நடுப்பருப்பு. உயிர் மாதிரி. அந்தக் கெர்னலுக்குப் பேருதான் லினக்ஸ். சுத்தி இருக்கிற கருவிங்க பலதும் குனூன்னு வேற ஒரு திட்டத்துல இருந்து வந்தது. குனூவுக்கு விரிவு என்ன தெரியுமா? 'குனூ யூனிக்ஸ் இல்லை.' பேர்லயே நான் அவன் இல்லைன்னு சத்தியம் பண்ணிட்டு வந்திருக்கு. ஆக, லினக்ஸ் உடம்புல யூனிக்ஸ் ரத்தம் ஒரு சொட்டுக் கிடையாது. நடை அதே மாதிரி, உடை அதே மாதிரி, பேச்சு அதே மாதிரி. ஆனா அந்த வீட்டுப் பிள்ளை இல்லை. பிஎஸ்டிதான் நேரடி வாரிசு!"

அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். யோசித்தாள். அவள் யோசிப்பது எனக்கு எப்போதுமே நல்லதுக்கில்லை.

"அந்த வாரிசுங்க ஏன் ஊர் பூரா இல்லை?"

"அது... நடுவுல ஒரு கேஸ் வந்துச்சு. டெலிபோன் கம்பெனி பக்கத்துல இருந்து, எங்க நிரலை எடுத்துட்டீங்கன்னு கோர்ட்டுக்குப் போயிட்டாங்க. ரெண்டு வருஷம் இழுத்துச்சு. கடைசியில பதினெட்டாயிரம் கோப்புல மூணே மூணைத்தான் எடுக்கச் சொன்னாங்க."

"அந்த ரெண்டு வருஷம்?"

"ஜனங்க பயந்துக்கிட்டு லினக்ஸ் பக்கம் போயிட்டாங்கன்னு ஒரு பேச்சு."

"இப்ப உலகத்துல நிறைய இடத்துல ஓடுறது எது?"

"லினக்ஸ்தான்னு வச்சுக்கோயேன்."

"என் போன்ல?"

"அதுலயும் லினக்ஸ் கெர்னல்தான்."

"அப்போ," என்றாள் என் மனைவி, ஊசியை ஊசி குத்துகிற பஞ்சு மெத்தையில் குத்திவிட்டு, "ரத்த சம்பந்தமே கிடையாது. வெளியில இருந்து வந்தா. அந்த வீட்டுப் பழக்கவழக்கம் எல்லாம் கத்துக்கிட்டா. நேரடி வாரிசுங்க சொத்துக்காகக் கோர்ட்டுக்கு அலைஞ்சப்போ வீட்டைத் தாங்கிப் பிடிச்சா. இன்னைக்கு மொத்த வீடும் அவளாலதான் ஓடுது. இது யாருன்னு உங்களுக்குத் தெரியலையா?"

"யாரு?"

"மருமக."

சட்டையைப் பார்த்தேன். ஏழாவது பட்டனும் முடிந்திருந்தது.

விடவில்லை. "சரி, கட்டுமானத்தைப் பாரு. பிஎஸ்டியில கெர்னலும் கருவியும் எல்லாம் ஒரே கூட்டத்தோட கைவேலை. ஒரே தையல்காரர் தலை முதல் கால் வரைக்கும் தைச்ச கோட்டு. லினக்ஸ் அப்படியா? துணி ஒரு கடை, பட்டன் ஒரு கடை, உள்துணி ஒரு கடை. ஒவ்வொருத்தனும் தன் இஷ்டத்துக்குச் சேத்துத் தைச்சு, இது என் லினக்ஸ், அது உன் லினக்ஸ்ன்னு நூறு வகை."

"நானும் துணி ஒரு கடை, பட்டன் ஒரு கடைதானேங்க வாங்குறேன். பட்டனை நானே பண்ணணுமா?"

"லைசென்ஸைப் பாரு! பிஎஸ்டி பெருந்தன்மையானது. என் பேட்டர்னை எடுத்துக்கோ, மாத்திக்கோ, மாத்தினதை யாருக்கும் காட்டாம வித்துக்கோ, என் பேரை மட்டும் ஓரமாப் போட்டுடு, அவ்வளவுதான். லினக்ஸ் கறார். மாத்தி அடுத்தவனுக்குக் கொடுத்தா, மாத்தின பேட்டர்னையும் சேத்துக் கொடுக்கணும்."

"அதுதானே நியாயம். போன மாசம் ஒருத்தி என் காலர் பேட்டர்னை வாங்கிட்டுப் போய் மாத்தினா. எப்படி மாத்தினான்னு கேட்டா சொல்ல மாட்டேங்கறா." அவள் எழுந்தாள். "நீங்க போடணும்ங்கிற சிஸ்டத்துக்கு என்ன படம் போட்டிருக்கும்? தம்பி போட்டதுல அழகா ஒரு பென்குவின் இருக்கு."

இதைச் சொல்லாமல் தவிர்த்திருந்தேன். "ஒரு சின்ன... சிவப்பா... கொம்பு வச்சு..."

"பிசாசா?"

"குட்டிப் பிசாசு. சிரிச்ச முகம்."

"பென்குவினைத் துரத்திட்டுப் பிசாசைக் குடிவைக்கணுமா? வேலையைப் பாருங்க. கம்ப்யூட்டரைத் தொடாதீங்க."

சொல்லிவிட்டாள். ஆனால் வாதத்தில் தோற்றவனுக்கும் கையில் இன்ஸ்டால் பென்டிரைவ் இருந்தால் வழி இருக்கிறது. போட்டுக் காட்டிவிட்டால் தீர்ந்தது. வந்து பார்ப்பாள், அசந்துபோவாள், "தம்பிகிட்ட" என்ற வார்த்தை அவள் நாக்கிலிருந்து உதிரும்.

சனிக்கிழமை வாய்த்தது. எங்கள் குடியிருப்பில் ஒரு பாட்டுக் குழு இருக்கிறது. பதினாலு ஜோடிகள். நாங்களும் அதில் ஒரு ஜோடி. அவள் முன்வரிசையில் பாடுவாள், நான் பின்வரிசையில் வாயசைப்பேன். அடுத்த மாதம் நகர மண்டபத்தில் கச்சேரி. அத்தனை பேருக்கும் ஒரே நிறத்தில் உடை, தைப்பது என் மனைவி. துணி எடுக்க மொத்தக் கடைக்குக் காலை ஒன்பது மணிக்குக் கிளம்பினாள். திரும்ப மாலை ஐந்து ஆகும் என்றாள். அடுத்த சனிக்கிழமை துணி வெட்ட ஆரம்பிப்பதாகத் திட்டம்.

ஒன்பது ஐந்துக்கு வேலையில் இறங்கினேன்.

முதலில் அவளுடைய கோப்புகளை வேறொரு பென்டிரைவில் நகலெடுத்தேன். நான் முட்டாள் இல்லை. பன்னிரண்டு வருஷ அனுபவம். நகல் பாதி ஓடும்போது திரையில் ஒரு கேள்வி வந்தது: 'இந்தப் பெயரில் ஏற்கெனவே ஒரு கோப்பு இருக்கிறது. அதன் இடத்தில் இதை வைக்கலாமா?' சரி என்றேன். மறுபடி கேட்டது. மறுபடி சரி என்றேன். மூன்றாவது தடவை கேட்டபோது எரிச்சலாகி, 'எல்லாவற்றுக்கும் சரி' என்று அழுத்தினேன். முடிவெடுக்கத் தெரியாதவர்களுக்குத்தான் மெஷின் கேள்வி கேட்கும்.

பிறகு கம்ப்யூட்டரின் வட்டை, அதாவது ஹார்ட் டிஸ்கை, துடைத்தேன். பென்குவின் போனது. ஃப்ரீபிஎஸ்டி குடிவந்தது. முதலில் கறுப்புத் திரையும் வெள்ளை எழுத்தும்தான் வரும். ஜன்னல், படம், சுட்டி எல்லாம் நாமே கேட்டு வாங்கிப் போட வேண்டும். போட்டேன். பேட்டர்ன் வரைகிற மென்பொருளையும் போட்டேன். பிரிண்டர் கூட ஓடியது. மணி மூன்றே முக்கால். வெற்றி என்பது எப்படி இருக்கும் என்று யாராவது கேட்டால் அந்த மூன்றே முக்கால் மணியைக் காட்டுவேன்.

நாலு மணிக்குக் கோப்புகளைத் திரும்ப ஏற்றினேன். 'பாட்டுக் குழு' என்ற கோப்புறையைத் திறந்தேன். எண்ணினேன். பதினாலு.

பதினாலு ஜோடிக்கு இருபத்தெட்டு அல்லவா இருக்க வேண்டும்?

பேக்கரிக்காரர் கோப்பைத் திறந்தேன். எங்கள் பேக்கரிக்காரர் தன் கடைக்குள்ளேயே பக்கவாட்டில்தான் நடப்பார். கோப்பில் அவர் இடுப்பு இருபத்தொன்பது அங்குலம்.

எண்ணை மறுபடி பார்த்தேன். அது பேக்கரிக்காரர் இல்லை. அவர் மனைவி.

புரிந்துவிட்டது. என் மனைவி கோப்புகளுக்கு ஆங்கிலத்தில் தொழில் பெயரைத்தான் வைப்பாள். கணவனுக்கும் மனைவிக்கும் ஒரே பெயர். மனைவியென்றால் முதல் எழுத்து பெரிய எழுத்து, கணவன் என்றால் சின்ன எழுத்து. யாருக்குப் பெரிய எழுத்து என்று அவள் ஒரு நொடிகூட யோசித்திருக்க மாட்டாள். லினக்ஸுக்குப் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் வேறு வேறு. இரண்டும் தனித்தனிக் கோப்பு, சண்டையில்லை. ஃப்ரீபிஎஸ்டியிலும் அப்படித்தான், அந்த விஷயத்தில் வாரிசும் மருமகளும் ஒரே கட்சி. ஆனால் நடுவில் நான் பயன்படுத்திய பென்டிரைவ் வேறு வம்சம். அதற்குப் பெரியதும் சின்னதும் ஒன்றுதான். ஆகவே ஒவ்வொரு கணவன் தலையிலும் அவன் மனைவி ஏறி உட்கார்ந்துவிட்டாள். நான்தான் எல்லாவற்றுக்கும் சரி சொல்லி ஏற்றிவைத்தேன்.

அசல் இருந்த வட்டைத்தான் நானே சுத்தமாகத் துடைத்திருந்தேனே. பதினாலு ஆண்களின் உடம்பும் உலகத்திலிருந்து அழிந்துவிட்டது. வெட்டு அடுத்த சனிக்கிழமை.

ஐந்து மணிக்கு அவள் துணிக் கட்டுகளோடு வந்தாள். நான் கம்ப்யூட்டர் முன்னால் சுவராக நின்றேன்.

"என்னங்க, வேர்த்திருக்கு?"

"ஒரு சின்ன சீரமைப்பு. ஒரு வாரத்துக்கு இதைத் தொடாதே. வெள்ளிக்கிழமை அசத்தலா இருக்கும்."

சண்டைக்குத் தயாராக இருந்தேன். "தொடாதீங்கன்னு சொன்னேனே" வரும், "தம்பி" வரும், கண்ணீர்கூட வரலாம்.

"சரிங்க," என்றாள்.

அவ்வளவுதான். சரிங்க. துணியைப் பிரிக்கப் போய்விட்டாள். நானும் தெம்பாக வியர்வையைக் கழுவக் குளிக்கப் போனேன். தண்ணீரின் கீழ் நிற்கும்போது திட்டமும் உதித்தது. அளவு போனால் என்ன, ஆட்கள் போகவில்லையே. எல்லாரும் நாலு தெருவுக்குள் இருக்கிறார்கள். அவளுக்குத் தெரியாமல் நானே திரும்ப அளந்துவிட்டால் கதை முடிந்தது. ஆனால் தையலுக்கு என்று சொல்ல முடியாது. "உங்க வீட்டம்மா ரெண்டு வாரம் முன்னாலதானே அளந்தாங்க" என்று கேட்பார்கள், சேதி வீட்டுக்கு வந்துவிடும். வேறு காரணம் வேண்டும். என்னிடம் நூலகம் இருக்கிறது. நூலகத்தில் நாற்காலி இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை பல் டாக்டரைப் பிடித்தேன்.

"டாக்டர், நூலகத்துக்குப் புது நாற்காலி போட்டா எப்படி இருக்கணும்னு யோசிச்சிட்டிருக்கேன். வாசகர்களோட உடம்பளவு எடுக்கிறேன். ரெண்டே நிமிஷம்."

"நல்ல யோசனை. இப்ப இருக்கிற நாற்காலி இடுப்பைக் கடிக்குது. அளந்துக்கோங்க." அவர் கையைத் தூக்கினார். நான் டேப்பைச் சுற்றினேன். "நல்லாத் தளர்த்தி எடுங்க. சாப்பிட்ட பிறகும் உக்காரணும் பாருங்க."

"கழுத்து?"

"நாற்காலிக்குக் கழுத்து எதுக்கு?"

"தலை சாய்க்கிற இடம் எவ்வளவு அகலம்னு தெரியணுமே."

"கை நீளம்?"

"கைப்பிடி."

"தோள்?"

"சாய்வு."

"கால் இறக்கம்?"

"அது நாற்காலிக் கால்."

பல் டாக்டர் மெச்சிக்கொண்டார். "உங்களை மாதிரி நாலு பேர் இருந்தா ஊர் எங்கேயோ போயிருக்கும்."

நானும் அதைத்தான் நினைத்தேன்.

திங்கட்கிழமை பேக்கரிக்காரர். டேப் ஒரு சுற்றுக்குப் பற்றாமல், விரலை வைத்து அடையாளம் பிடித்து இரண்டாம் தவணையாக அளக்க வேண்டியிருந்தது. "வெளியில தள்ளிக்கட்டுமா?" என்று கேட்டே தொந்தியைத் தாராளமாக விட்டார். "கெட்டியான நாற்காலியாப் பாருங்க. போன வாரம் உங்க நூலகத்துல ஒண்ணு என்னைக் கீழ போட்டுடுச்சு." பேருந்து ஓட்டுநர், இஷ்டப்படி திருப்பிக்கொள்கிற மாதிரி சக்கரம் வைக்கச் சொன்னார். தபால்காரர், "எனக்கு உக்கார நேரம் ஏது, நான் நின்னுக்கிட்டே படிக்கிறேன்" என்று அளக்கவே விடவில்லை. நிற்கிறவர்களுக்கும் ஒரு மேசை போடலாமே என்று சொல்லி மடக்கினேன். கணக்கு வாத்தியார், தன் சுற்றளவிலிருந்து விட்டத்தைத் தானே கணக்கிட்டுச் சொன்னார். மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர், டேப்பில் எண் தெரியாமல் நான் கண்ணைச் சுருக்குவதைப் பார்த்து என் கண்ணையும் அளந்து அனுப்பினார்.

வீட்டில் ஒவ்வொரு நாளும் அவள் கேட்பாள்: "இன்னைக்கும் லேட்டா?"

"நூலகத்துல நாற்காலி வேலை."

"பாவம், ரொம்பக் களைச்சிருப்பீங்க. உக்காருங்க."

அந்தக் கரிசனம் மனதைத் தொட்டது. இவளை ஏமாற்றுகிறோமே என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது. ஒரு நிமிஷம்தான்.

வெள்ளிக்கிழமை மாலை தீயணைப்பு நிலைய அதிகாரி. பதின்மூன்றாவது ஆள். வண்டிக் கொட்டகையில் நிற்க வைத்து அளந்தேன். கச்சிதமான மனிதர், நல்ல ஒத்துழைப்பு. நான் கேட்பதற்கு முன்பே கையைத் தூக்கினார், திரும்பினார், காலை அகட்டினார். கடைசியில் நானே கேட்டேன்.

"எதுக்குக் கழுத்துன்னு எல்லாரும் கேட்டாங்க. நீங்க கேக்கலையே?"

"நாற்காலிக்குத் தலை சாய்க்கத்தானே?" என்றார். என்றவர், சட்டென்று திரும்பி ஒரு தீயணைப்புக் குழாயைச் சுருட்ட ஆரம்பித்தார். அவர் தோள் குலுங்கியது. புகை நெஞ்சில் அடைத்திருக்கும், பாவம், எப்பேர்ப்பட்ட வேலை என்று நினைத்துக்கொண்டு கிளம்பினேன்.

பதினாலாவது ஆள் நான். என்னை அளக்க வேண்டியதில்லை. என் அளவு எனக்குத் தெரியும். தாளில் எழுதிக்கொண்டேன்: இடுப்பு முப்பத்து நாலு.

வீட்டுக்கு வந்தேன். அவள் மேசையில் துணியை விரித்துச் சாக்கட்டியைக் கூராக்கிக்கொண்டிருந்தாள். பேச்சுக் கொடுக்காமல் நேராகக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். சர்வ அதிகாரம் கொண்ட 'ரூட்' என்ற பெயரில் நுழைந்தேன். சின்ன எழுத்தில் பதினாலு புதுக் கோப்புகள் போட்டுவிட்டால் ஐந்து நிமிஷத்தில் என் பாவம் கழுவப்படும். உறையைத் திறந்தேன்.

இருபத்தெட்டு.

கண்ணைக் கசக்கிக்கொண்டு எண்ணினேன். பெரிய எழுத்தில் பதினாலு, சின்ன எழுத்தில் பதினாலு. பேக்கரிக்காரர் சின்ன எழுத்தில் அவர் பாட்டுக்கு உட்கார்ந்திருந்தார். கோப்பின் மேல் தேதி போன சனிக்கிழமை, மாலை ஐந்தரை.

முதுகுக்குப் பின்னால் சாக்கட்டி சீவுகிற சத்தம் நின்றது.

"பேக்கரிக்காரருக்கு இடுப்பு எவ்வளவுங்க வந்துச்சு?"

நான் திரும்பவில்லை. திரும்புகிற நிலையில் இல்லை.

"எந்த... பேக்கரி..."

"நாற்காலிக்கு அளந்தீங்களே. படிங்க, எழுதிக்கிறேன்."

"உனக்கு எப்படி?"

"பல் டாக்டர் வீட்டம்மா ஞாயித்துக்கிழமையே போன் பண்ணிட்டாங்க. உங்க வீட்டுக்காரர் எங்க வீட்டுக்காரரைச் சுத்திச் சுத்தி அளக்கிறாரேன்னு. மத்த எல்லா வீட்டம்மாவுக்கும் நான்தான் சொல்லி வச்சேன். யாரும் சிரிச்சிடாதீங்க, பாவம், நல்லா அளக்கட்டும்னு."

"இந்தக் கோப்பெல்லாம்?"

"சனிக்கிழமை நீங்க குளிக்கப் போனப்போ திறந்து பாத்தேன். பாதியைக் காணோம். தம்பிக்குப் போன் போட்டேன். தினமும் சாயங்காலம் என் மெஷின்ல இருந்து அவன் மெஷினுக்கு ஒரு நகல் போற மாதிரி நாலு வருஷம் முன்னாலயே வச்சிருக்கான். உங்க பிசாசு சிஸ்டத்துல எதை அழுத்தணும்னு அவன் சொன்னான், நான் அழுத்தினேன். நீங்க தலை துவட்டுறதுக்குள்ள எல்லாம் வந்துடுச்சு."

"ரூட் பாஸ்வேர்டு உனக்கு எப்படித் தெரியும்?"

"பதினைஞ்சு வருஷமா எல்லாத்துக்கும் நீங்க வைக்கிறது என் பேர்தானே."

இதற்குக் கோபப்படுவதா, வெட்கப்படுவதா என்று தெரியவில்லை. கடைசி ஆயுதத்தை எடுத்தேன். "உன் தம்பிக்கு ஃப்ரீபிஎஸ்டியைப் பத்தி என்ன தெரியும்? அவன் லினக்ஸ் ஆளு!"

"எனக்குத்தாங்க லினக்ஸ் போட்டான். அந்த பேட்டர்ன் சாஃப்ட்வேர் அதுல எனக்குச் சுலபமா இருந்துச்சுன்னு. ஆளுக்குத் தக்கன அளவு எடுக்க வேணாமா? அவன் வீட்டுல நகலெல்லாம் வச்சிருக்கிற மெஷின்ல ஓடுறது நீங்க சொன்ன அந்த நேரடி வாரிசுதான்."

நான் மெதுவாக நாற்காலியைத் திருப்பினேன். அவள் முகத்தில் கோபம் இல்லை. அதுதான் என்னைக் கலவரப்படுத்தியது.

"எல்லாம் சனிக்கிழமையே கிடைச்சிடுச்சுன்னா, ஆறு நாள் என்னை ஏன் ஊரெல்லாம் டேப்போட அலையவிட்டே?"

அவள் சாக்கட்டியைக் கீழே வைத்தாள்.

"அந்தப் பழைய அளவு பூராவும் பொய்ங்க. பொம்பளை போய் இடுப்புல டேப்பைச் சுத்தினா இந்த ஆம்பளைங்க ஒருத்தரும் மூச்சு விட மாட்டாங்க. வயித்தை எக்கிக்கிட்டு, நெஞ்சைத் தூக்கிக்கிட்டு, முப்பத்திரண்டு, முப்பத்து மூணுன்னு நிப்பாங்க. தைச்சுக் கொடுத்தா மேடையில பட்டன் தெறிக்கும். போன கச்சேரிக்கப்புறம் பதினொரு கால்சட்டை திரும்பி வந்துச்சு. பிரிச்சுத் தைச்சே என் விரல் போச்சு. ஒரு ஆம்பளை போய் அளந்தாத்தான் உண்மை வரும்னு தெரியும். ஆனா உங்களைக் கேட்டா, 'நான் சிஸ்டம் ஆளு'ம்பீங்க. என்ன பண்றதுன்னு முழிச்சிட்டிருந்தேன். நீங்களே கிளம்பிட்டீங்க. அதுவும் நாற்காலிக்குன்னு சொல்லி! நானா இருந்தா அந்த யோசனை வந்திருக்காதுங்க. நாற்காலின்னா எவன் மூச்சை அடக்குவான்? ஒரு அங்குலம் கூடத்தானே கொடுப்பான்."

பாராட்டுத்தான். நிஜமான பாராட்டு. ஆனாலும் அதை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

"சிஸ்டம்?" என்றேன், கொஞ்சம் தழைந்த குரலில்.

"இருக்கட்டும். ஒரு வாரமா நீங்க இல்லாதப்போ அதுலதான் வரைஞ்சேன். நல்லாத்தான் இருக்கு. அந்தக் குட்டிப் பிசாசு கூடச் சிரிச்ச முகமாத்தான் இருக்கு." தாளுக்குக் கையை நீட்டினாள். "கொடுங்க."

கொடுத்தேன். வரிசையாகப் பார்த்தாள். பல் டாக்டர் நாற்பது. ஓட்டுநர் நாற்பத்திரண்டு. பேக்கரிக்காரர் அறுபத்தொன்று. "அப்படிப் போடு," என்றாள். ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக்கொண்டே தட்டச்சு செய்தாள். கடைசி வரிக்கு வந்ததும் விரல் நின்றது. கழுத்தில் தொங்கிய டேப்பை உருவிக்கொண்டு எழுந்தாள்.

"இது யாரு அளந்தது?"

"அளக்கவே வேணாம். எனக்கே தெரியும்."

"எழுந்திருங்க."

எழுந்தேன். சுற்றினாள். நான் நெஞ்சை நிமிர்த்தி, நேரே சுவரைப் பார்த்து, கம்பீரமாக நின்றேன். டேப்பைப் பார்த்தாள். முப்பத்து நாலுதான்! கல்வெட்டு மாதிரி முப்பத்து நாலு! அவளும் எண்ணைப் பார்த்தபடி நின்றாள். நானும் நின்றேன். பத்து எண்ணினாள். இருபது எண்ணினாள். முப்பது எண்ணும்போது எனக்குக் கண் இருட்டியது.

"விடுங்க," என்றாள்.

விட்டேன்.

"முப்பத்தொன்பது," என்று எழுதிக்கொண்டாள்.